சோக்கை எடுத்தால் நின்றுபோகும் ஸ்ப்ளெண்டர்

கேள்வி இதுதான். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் நான்கு வருடம் சும்மா நின்ற 2002 மாடல் ஸ்ப்ளெண்டர். அப்பாரு பால் கேன் கட்டி சொசைட்டிக்கு ஓட்டிய வண்டி. உதைத்தால் கிளம்புகிறது, ஆனால் சோக் போட்டிருக்கும் வரைதான் ஓட்டம். சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. கார்பரேட்டருக்கு அடியில் தொங்கும் டியூபில் பெட்ரோல் சொட்டுகிறது. பட்டறையில் கொடுத்தால் "கார்பரேட்டர் போச்சு" என்று சொல்லி, மலிவான புதிது ஒன்றை மாட்டிவிட்டார்கள். இப்போது ஓடுகிறது, ஆனால் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கூடத் தாண்டவில்லை. பழையது ஒரு கேரி பேக்கில் இருக்கிறது. அதை நானே பிரித்துச் சரிசெய்ய முடியுமா? செய்தபின் ஊட்டிக்கு ஓட்டிப் போகலாமா?

முடியும் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கோபியில் இருபது வருடத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தேன். "போச்சு" என்ற பெயரோடு என்னிடம் வந்த கார்பரேட்டர்களில் நிஜமாகவே போனவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வார்ப்பு உடம்பு அவ்வளவு சீக்கிரம் தேயாது. கெடுவது உள்ளே இருக்கும் ரப்பரும் கேஸ்கெட்டும், மிதவை (ஃப்ளோட்) ஏறினால் பெட்ரோல் வழியை மூடும் ஃப்ளோட் ஊசியும். அடைத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். உங்கள் கேரி பேக்கில் இருப்பது, இப்போது மாட்டியிருப்பதைவிட நல்ல சரக்கு. மலிவான டூப்ளிகேட்டில் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு) மேல் ஒரு நம்பர் அடித்திருக்கும், ஆனால் ஓட்டை அந்த அளவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உங்கள் மைலேஜ் போன வழி அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவும், ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை (ஐடில்) வைக்கும் ஐடில் ஸ்க்ரூவும் ஸ்பிரிங் பிடித்து நிற்பவை, நின்ற இடத்தில் தானாகத் திரும்பாது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று மக்கர் செய்கிறது என்றால், அந்த ஸ்க்ரூ நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது. கெட்டது வேறு ஏதோ. ஆனால் நம் ஆட்களுக்கு முதலில் கை போவது அதன் மேல்தான். திருகிப் பார்ப்பார்கள், கொஞ்சம் சரியானது போல இருக்கும், அடுத்த வாரம் மறுபடி வரும். அடைப்பு, ஒழுகல், தேய்மானம் எல்லாம் பார்த்து முடித்தபின் கடைசியாகத் தொட வேண்டியது ஸ்க்ரூ.

உங்கள் வண்டிக்கு இருப்பது இரண்டு தனித்தனி நோய். சோக் என்பது காற்று வரும் வழியை அடைக்கும் ஒரு தகடு. காற்று வழி குறுகினால் உறிஞ்சும் வேகம் கூடி, பெட்ரோல் அதிகமாக ஏறும். சோக் இருந்தால்தான் ஓடும் என்றால், சாதாரணமாக வர வேண்டிய பெட்ரோல் வரவில்லை, அல்லது வரக்கூடாத வழியில் காற்று நுழைகிறது என்று அர்த்தம். நான்கு வருடம் நின்ற வண்டி என்பதால் முதல் சந்தேகம், ஐடிலில் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் மேல். சிறிய பைக்குகளில் அதன் ஓட்டை 0.35, 0.4 மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும். நான்கைந்து தலைமுடியைச் சேர்த்து வைத்த பருமன். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் பிசின் அதை அடைக்க ஒரு மழைக்காலம் போதும். டியூபில் சொட்டுவது வேறு கதை: கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தில், அதாவது கப்பில், மட்டம் ஏறி வழிகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகப் போகாது.

கார்பரேட்டரைத் தொடுவதற்கு முன் டேங்க்கைப் பாருங்கள். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். உள்ளே செம்மண் நிறத்தில் துரு இருந்தால், நீங்கள் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் பத்தாம் நாள் மறுபடி அடைக்கும். பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, வெள்ளை வினிகரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, ஒரு கை பொடி ஜல்லியைப் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். பின் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே பெட்ரோல் நிரப்பிவிட வேண்டும். ஈரமாக வைத்தால் பொழுதோடு பார்க்கும்போது மறுபடி துரு பூத்திருக்கும். அப்புறம் பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு டியூபில் வருவதை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தாராளமாக, விடாமல் ஓட வேண்டும். முதலில் நன்றாக வந்து பின் மெலிந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி வேகம் பிடித்தால் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது.

சரி, இப்போது பிரிக்கலாம். இடம் வெளிச்சமாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் தட்டு வையுங்கள். கடுகளவு வாஷர் விழுந்தால் வெள்ளைத் துணியில்தான் தெரியும். கட்டுத்தறி மண்ணில் விழுந்தால் போனதுதான். கோவை பக்கத்துக் கலங்கல் ஊரில் பிறந்த ஜி.டி.நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் பைக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்துதான் எந்திர வேலையைக் கற்றார் என்று நம் பக்கம் சொல்லாதவர் இல்லை. அவர் கையில் செல்போன் இருந்திருக்காது; உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள்.

கப்பைப் பிடித்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜப்பான் வகை. நம் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். சரியான முனை கிடைக்காவிட்டால், துரு விடுவிக்கும் எண்ணெயைத் தெளித்து அரை மணி விட்டு, டிரைவரை வைத்துத் தலையில் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி, உடம்பின் எடையைக் கொடுத்துத் திருப்புங்கள். ஜெட்டுகள் பித்தளை, மிருதுவான உலோகம். காடிக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான டிரைவர் இல்லாமல் தொட வேண்டாம்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் ஒரு வேலை. அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியில் தட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். 'தட்டுகிறது' என்றுதான் சொன்னேன், இறுக்கக்கூடாது. முனை ஊசி மாதிரி இருக்கும், இறுக்கினால் அது உட்காரும் குழி அகன்றுவிடும், அதற்குப் பிறகு வைத்தியம் இல்லை. வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங், குட்டி வாஷர், ஓ ரிங் என்று பின்னால் வரும். ஓ ரிங் சில சமயம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அது இருப்பதே தெரியாமல் கிளீனர் அடித்து ஊதி, அது உருகி அடைத்துக்கொண்டு வந்த கேஸ்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்ச உடம்பைக் கழுவுங்கள். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே நல்லது. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் அடிக்க வேண்டாம். ஓர் ஓட்டையில் அடித்தால் இன்னோர் ஓட்டை வழியாக நேராகக் கண்ணுக்குத்தான் வரும். வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் அது தண்ணீர் சேர்ந்ததால் வந்த அரிப்பு. எலுமிச்சைச் சாற்றில் கொதிக்க வைக்கிறவர்கள் உண்டு. பளிச்சென்று வரும், ஆனால் புளிப்பு அந்த உலோகத்தையும் சேர்த்துத் தின்னும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதைவிட நல்ல வழி ஒன்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இருக்கிறது. நகைப்பட்டறைகளில் அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கும். தெரிந்தவர் இருந்தால், சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுத் தரச் சொல்லுங்கள். சந்து பொந்தெல்லாம் சுத்தமாகிவிடும். அந்தத் தொட்டியில் பெட்ரோல் ஊற்றுகிற யோசனை மட்டும் யாருக்கும் வரக்கூடாது, தீப்பிடிக்கும்.

இனிதான் முக்கியமான இடம். முக்கால்வாசிப் பேர் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்து, ஓட்டை தெரிகிறது என்றதும் மாட்டிவிடுவார்கள். ஸ்லோ ஜெட் என்பது வழியில் ஒரு வாசல் மட்டும். அதைத் தாண்டி உடம்புக்குள் ஒரு குடைவு போகிறது. அது இன்ஜின் பக்கத் துளையில், ஸ்லைடு (ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலேறும் உருளை) உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், குண்டூசி முனை போன்ற ஒன்றிரண்டு ஓட்டைகளாகத் திறக்கிறது. அடைப்பு அங்கே இருந்தால் ஜெட்டை ஆயிரம் முறை கழுவினாலும் பயனில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி. ஏர் ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் கிளீனர் குழலை வைத்து அழுத்துங்கள். ஸ்லோ ஜெட் உட்காரும் குழி, ஏர் ஃபில்டர் பக்க வாயில் உள்ள சின்ன ஓட்டை, இன்ஜின் பக்கக் குண்டூசி ஓட்டைகள் என்று எல்லாப் பக்கமும் பீய்ச்ச வேண்டும். விரலால் இரண்டை அடைத்துக்கொண்டு மூன்றாவதில் வேகமாக வருகிறதா என்று மாறி மாறிப் பாருங்கள். மூன்றிலும் ஒழுங்காக வந்தால்தான் அந்த வழி திறந்தது. உங்கள் சோக் நோய்க்கு மருந்து பெரும்பாலும் இந்த ஐந்து நிமிட வேலையில் இருக்கிறது.

அடைப்பு விடவில்லை என்றால் ஊசி, டிரில் பிட், ஊதுபத்திக் குச்சி எதுவும் வேண்டாம். எஃகு பித்தளையைச் சுரண்டும்; 0.35 ஓட்டை 0.38 ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, இன்ஜினுக்குத் தெரியும். பழைய மின்சார ஒயரை உரித்து, உள்ளிருக்கும் மெல்லிய செப்பு இழையில் ஒன்றை மட்டும் எடுத்து நுழைத்துப் பாருங்கள். செம்பு பித்தளையைவிட மிருதுவானது. தூண்டில் நரம்பும் சரிதான். கடைசியாக பஞ்சர் கடையில் காற்று அடித்து ஊதிவிடலாம். ஃப்ளோட் மாட்டியிருக்கும்போது மட்டும் அடிக்கக்கூடாது. சில மாடல்களில் ஸ்லோ ஜெட் கழற்ற முடியாதபடி அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதை நெம்பிப் பார்க்க வேண்டாம், இருந்த இடத்திலேயே கழுவுங்கள்.

அடுத்து, சொட்டும் நோய். இதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றையும் பாருங்கள். ஃப்ளோட் ஊசியின் கூம்பு முனையை நகத்தால் தடவுங்கள். மோதிரம் போட்டது மாதிரி ஒரு வரி தட்டுப்பட்டால் அது தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. சந்தேகம் இருந்தால் சூடான தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள், குமிழி வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது காரணத்தைப் பழைய மெக்கானிக்குகள் கூடச் சில சமயம் விட்டுவிடுவார்கள்: கப்புக்குள் நட்டுக்குத்தாக நிற்கும் பித்தளைக் குழாய். மட்டம் ஏறினால் அதன் வழியாகத்தான் பெட்ரோல் வெளியே போகும். அதன் அடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மட்டம் சரியாக இருக்கும்போதே சொட்டும். கப்பைத் தனியே பிடித்து, குழாயின் தலைக்குச் சற்றுக் கீழ் வரை பெட்ரோல் ஊற்றி, அடியில் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஒரே வண்டிக்கு இரண்டு ஊசி மாற்றிவிட்டு, மூன்றாவது நாள்தான் இந்த வெடிப்பைக் கண்டுபிடித்தேன். இரண்டாவது ஊசிக்குக் காசு வாங்க மனம் வரவில்லை.

ஊசி ஒழுங்காக மூடுகிறதா என்பதற்கு வாயால் ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. ஃப்ளோட்டையும் ஊசியையும் மாட்டி, பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான டியூப் ஒன்றைச் செருகி ஊதுங்கள். நேராகப் பிடித்தால் காற்று போக வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தால் ஃப்ளோட்டின் எடை ஊசியை அழுத்தி, காற்று சுத்தமாக நின்றுவிட வேண்டும். கவிழ்த்தும் காற்று கசிந்தால் ஊசி உட்காரும் இடத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து மறுபடி பாருங்கள்.

கப்பை மாட்டியபின் மட்டம் பார்க்க, கொத்தனார் டியூப் மட்டம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பின் அடியில் வடிக்கும் முனையில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபைச் செருகி, மறுமுனையை மேலே தூக்கிக் கார்பரேட்டரோடு ஒட்டிப் பிடித்து, வடிக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினால், உள்ளே பெட்ரோல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதே உயரம் டியூபில் தெரியும். கப்பும் உடம்பும் சேரும் கோட்டைத் தாண்டி நின்றால் மட்டம் அதிகம். எத்தனை மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். ஃப்ளோட்டில் ஊசியைத் தொடும் நாக்கு உலோகமாக இருந்தால் மெதுவாக வளைத்துச் சரிசெய்யலாம். மொத்தமும் பிளாஸ்டிக்காக இருந்தால் வளைக்க ஒன்றுமில்லை, ஃப்ளோட்டையே மாற்ற வேண்டும்.

பெரிய ஊசியை, அதாவது ஸ்லைடிலிருந்து தொங்கும் நீடிலை, வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அது இறங்கும் குழலும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். பாதி ஆக்சிலேட்டரில் பெட்ரோல் அதிகமாக ஏறி மைலேஜ் குறைவது இதனால்தான். நீடிலை மட்டும் மாற்றி லாபமில்லை, இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். தலையில் காடிகள் இருந்தால் கிளிப் எந்தக் காடியில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் நீடில் இறங்கிப் பெட்ரோல் குறையும். கீழ்க் காடிக்கு மாற்றினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பிறகு கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் முகம். இரண்டு போல்ட்டையும் வருடக்கணக்கில் வெறிகொண்டு இறுக்கி இறுக்கி, அந்த இரண்டு காதும் இன்ஜின் பக்கம் வளைந்து, நடுவில் சந்து விழுந்திருக்கும். ஸ்டீல் ஸ்கேலை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கீற்று தெரிந்தால், கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமரி தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள். ஓ ரிங் கட்டாயம் புதிது. இடையில் வரும் கறுப்பு பேக்லைட் துண்டு இன்ஜின் சூடு கார்பரேட்டருக்கு ஏறாமல் தடுப்பது. தேவையில்லாதது என்று எடுத்துவிட வேண்டாம். திரும்ப மாட்டும்போது இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, அளவாக இறுக்குங்கள்.

கப்புக்குக் கேஸ்கெட் பேஸ்ட் தடவாதீர்கள். பெட்ரோல் அதைக் கரைத்து, நீங்கள் இவ்வளவு நேரம் திறந்த ஓட்டைகளிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்லைடில் ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருக்கும், அந்த வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். பட்டறை தொடங்கிய புதிதில் நான் அதைத் திருப்பி மாட்டிவிட்டேன். உதைத்ததும் வண்டி வானத்துக்கும் பூமிக்கும் கத்தியது. சாவியைத் திருப்பத் தோன்றாமல் ஆக்சிலேட்டரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றேன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை ரொம்ப நாள் மறக்கவில்லை. மாட்டி முடித்ததும், உதைக்கும் முன், ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று ஸ்லைடு அடியில் விழும் சத்தம் கேட்க வேண்டும்.

இப்போது டியூனிங். வண்டியை இட்டேரியில் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் டியூன் செய்தால் சூடானதும் எல்லாம் மாறிவிடும். ஏர் ஃபில்டர் சுத்தம், பிளக் நல்லது, டேப்பட் (வால்வு இடைவெளி) அளவு சரி என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சும், பொள்ளாச்சி பக்கம் தேங்காய் நார்த் தூளும் ஃபில்டரை அடைக்கிற வேகத்துக்கு, கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருந்தால் ஆகாது.

ஏர் ஸ்க்ரூ விஷயத்தில் ஒரு குழப்பம் எப்போதும் இருக்கும். 'வெளியே திருகினால் பெட்ரோல் குறையும்' என்று ஒருவர் சொல்வார், 'கூடும்' என்று இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான், வண்டிதான் வேறு. ஸ்க்ரூ ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் இடைப்பட்ட பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால் காற்று கூடும், பெட்ரோல் விகிதம் குறையும். ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்தால் அது பெட்ரோல் கலவையை அளப்பது; வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். முதலில் உங்களுடையது எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்த சுற்றுக்கே திரும்ப வைத்து ஆரம்பியுங்கள். அது தொலைந்துபோனால் ஒன்றரைச் சுற்றில் வையுங்கள். ஐடில் ஸ்க்ரூவால் ஓட்டத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். இன்ஜின் தடுமாறும் இடம் வரும். பின் வெளியே திருகிக்கொண்டே வாருங்கள். ஓட்டம் ஏறி, உச்சம் தொட்டு, மறுபடி தடுமாறும். இரண்டுக்கும் நடுவில், சத்தம் வேகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு பத்து விநாடி காத்திருங்கள், இன்ஜின் பதில் சொல்ல நேரம் வேண்டும். அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால் ஓட்டத்தை இறக்குங்கள். இந்த வகை 100 சிசி இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று வாக்கில் நின்றால் போதும். பிறகு ஏர் ஸ்க்ரூவை இன்னொரு முறை நுணுக்கமாகப் பாருங்கள்.

எந்த இடத்திலும் உச்சம் கிடைக்கவில்லை, எவ்வளவு திருகினாலும் மாற்றமே இல்லை என்றால் திருகுவதை நிறுத்துங்கள். அந்த வழி இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று நுழைகிறது. காற்று நுழைகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் அந்தப் பேக்லைட் இணைப்பின் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் சந்து. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வேலை சூடான சைலன்சர் பக்கத்தில் வேண்டாம். இன்னோர் அடையாளமும் உண்டு: ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டதும் ஓட்டம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி நின்று மெதுவாக இறங்கினால் காற்று அதிகம். சட்டென்று ஐடிலுக்கும் கீழே போய்த் தடுமாறி எழுந்தால் பெட்ரோல் அதிகம்.

காது மேல் நம்பிக்கை இல்லை என்றால் புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். 2000 ஏப்ரலுக்குப் பின் வந்த, பி.எஸ். 4 என்ற புகை விதிக்கு முந்தைய இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு உச்ச வரம்பு 3.5 சதவீதம். சான்றிதழ் எடுக்கும்போதே, தன்மையாகக் கேட்டால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கால் சுற்றுத் திருகிப் பார்க்க விடுவார்கள். எண் ஏறுவதும் இறங்குவதும் கண்ணெதிரே தெரியும்.

ஆக்சிலேட்டரின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான பாகம் வேறு வேறு. கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், பாதி, முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஐடிலிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதிலிருந்து கால் வரை ஸ்லைடின் சரிவு வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் திணறுகிறதோ அந்தப் பாகத்தைத் தேடுங்கள். மைலேஜ் வேண்டும் என்று ஏர் ஸ்க்ரூவைத் திருகுவது எவ்வளவு வீண் என்பது இதிலேயே தெரியும். பைபாஸில் 50இல் போகும்போது நீங்கள் இருப்பது நீடிலின் எல்லையில். ஏர் ஸ்க்ரூவுக்கு அங்கே பேச்சே இல்லை. திருகியதால் கிடைப்பது, சிக்னலில் அணைந்துபோகும் வண்டி மட்டும்.

இன்றைய பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் வண்டி வந்தது 2002. எத்தனால் கலப்பே 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதத்தில்தான் தொடங்கியது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு இது 13.5 வாக்கில் வருகிறது. ஜெட் பழையது, அளந்து விடுவது அதே அளவு. ஆக, இன்ஜினுக்கு ஏழெட்டு சதவீதம் பெட்ரோல் பற்றாக்குறை. முழு ஆக்சிலேட்டரில் இழுவை இல்லாமல் திணறி, பிளக் வெள்ளையாக வந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றலாம். கேஹின், மிக்குனி இரண்டும் கார்பரேட்டர் கம்பெனிகள். கேஹின் ஜெட்டில் நம்பர் என்பது ஓட்டையின் விட்டம், நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில்: 78 என்றால் 0.78. மிக்குனியில் அறுகோணத் தலை உள்ள மெயின் ஜெட்டின் நம்பர் பெட்ரோல் பாயும் அளவைக் குறிப்பது. அதனால் ஒன்றின் நம்பரைப் பார்த்து மற்றதில் வாங்கக்கூடாது. பழைய ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஆகாது, ஊதிப்போகும். ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள், பெட்ரோல் டியூபையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் இனி மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேப்பை மூடி, கப்பில் இருப்பதை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஊட்டிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் மேட்டுப்பாளையத்தில் இருந்த வண்டி குன்னூர் தாண்டினால் இருக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கார்பரேட்டருக்கு உயரம் தெரியாது, அது பாட்டுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். நம் சமவெளியோடு ஒப்பிட்டால் கலவையில் பெட்ரோல் பத்தில் ஒரு பங்கு போலக் கூடிவிடும். இழுவை குறைவதும், ஐடில் மந்தமாவதும், பிளக் கறுப்பதும் கோளாறு அல்ல. கல்லாறு தாண்டி மேலே ஏறும்போது ஐடில் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று ஏற்றிக்கொள்ளலாம். ஏர் ஸ்க்ரூவைத் தொட்டால் எவ்வளவு தொட்டோம் என்று குறித்து வைத்து, கீழே இறங்கியதும் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். மலையில் வைத்த டியூனிங்கோடு கீழே ஓட்டினால் ஐடிலில் பெட்ரோல் குறைந்து, சிக்னலில் அணைந்துபோகும். இரண்டு நாள் பயணத்துக்காக ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. வால்பாறைக்கு இதுகூட வேண்டாம், அந்த உயரத்தை வண்டி தாங்கிக்கொள்ளும்.

இப்போது மாட்டியிருக்கும் டூப்ளிகேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் கப்பு ஸ்க்ரூவும் மேல் மூடியும் உங்கள் பழையதற்குச் சேருகிறதா என்று பிரிக்கும் அன்றைக்கே ஒத்துப் பாருங்கள். ஸ்க்ரூத் தலை ஒன்று போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறந்திருக்காது.